எண்ணெயை எண்ணெயாக விற்கட்டும்

அந்தமான் காட்டு மூலிகைகளைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தலையில் தேய்த்துவந்தால் சொட்டைத் தலையிலும் முடி முளைக்கும் என்று வாதிடும் கட்டுரை ஒன்று தீவுத் தமிழர்களிடையே சில வாரங்களாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. எழுதியவரின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. இதையே சொல்லித் திரிகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கும்போது, ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்துவதில் பயனில்லை. அவர் வைக்கும் காரணங்கள் நான்கு. பழங்குடிகள் இந்த எண்ணெயால்தான் முடி உதிராமல் வாழ்கிறார்கள். பயன்படுத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் சாட்சி சொல்கிறார்கள். இயற்கையானது என்பதால் பக்கவிளைவு கிடையாது. இவற்றுக்கெல்லாம் ஆதாரம் கேட்பது வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற அடிமைப் புத்தி. நான்குமே தவறு. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பழங்குடி ரகசியம். ஜாரவா, ஓங்கே, சென்டினல், பேரந்தமானியர் ஆகிய மக்களின் தலைமுடி பிறவியிலேயே குட்டையான, இறுகிய சுருள்முடி. பேரந்தமானியரோடு பல ஆண்டுகள் பழகி 1880-களில் எழுதிய இ. எச். மேனும், 1922-ல் நூல் வெளியிட்ட ராட்கிளிஃப்-பிரவுனும் ஒரு வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் கூர்மையான படிகக் கல் சில்லாலும், பிற்காலத்தில் கண்ணாடிச் சில்லாலும் தலையை மழித்துக்கொள்வார்கள். உடம்பில் பூசிக்கொண்டது வெள்ளைக் களிமண்ணும், கொழுப்பில் குழைத்த செம்மண்ணும். இடுப்புவரை தொங்கும் கூந்தலைக் கனவு காணும் ஒரு பெண்ணுக்குத் தலையை மழித்துக்கொண்ட மக்களின் பெயரைச் சொல்லி எண்ணெய் விற்கிறார்கள் என்றால், அந்த மக்களைப் பற்றி விற்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் பொருள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 1858-ல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் அமைத்து மரம் நட ஆரம்பிக்கும்வரை அந்தமான் தீவுகளில் தென்னந்தோப்பு என்று ஒன்று இருந்ததில்லை. நிக்கோபாரில் தென்னை காடாக மண்டிக் கிடக்க, வடக்கே அந்தமானில் அது ஏன் இல்லை என்பது அக்காலத்திலேயே எழுதியவர்களை வியக்க வைத்த செய்தி. சிற்றந்தமானில் ஓங்கே மக்களுக்குத் தென்னை நட்டுக் கொடுத்ததே சுதந்திரத்துக்குப் பிந்திய அரசுத் திட்டம்தான். தென்னையே இல்லாத மண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெயில் மூலிகை காய்ச்சினார்கள் என்று எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பத்து நிமிடம் ஒரு நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் கட்டுரையாளர் இந்த வரியை அடித்துவிட்டிருப்பார்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, அனுமதியின்றி அவர்களது காப்புப் பகுதிக்குள் நுழைவதையே குற்றமாக்குகிறது. 2012-ல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. ஜாரவா காட்டின் வழியே செல்லும் அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங்கிலிருந்து பாரட்டாங் போகிறவர்கள் அனைவருக்கும் இது தெரியும். போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் வண்டிகள் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது. ஜாரவா காட்டிலிருந்து மூலிகை கொண்டுவந்தேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் சட்டத்தை மீறியவர், இல்லையென்றால் பொய்யர். குடியேற்றத்தோடு வந்த தொற்றுநோய்களால் ஆயிரக்கணக்கில் இருந்த பேரந்தமானியர் 1961 கணக்கெடுப்பில் வெறும் 19 பேராகக் குறைந்திருந்தார்கள். அப்படிப்பட்ட வரலாறு உள்ள மக்களின் காட்டுக்குள் மூலிகைக்காக ஆள் போவதைப் பெருமையாக எழுதுவது மன்னிக்க முடியாதது. வாசகர்களில் எவனாவது ஒரு பையன் அதை நம்பிக் காட்டுக்குள் கால் வைத்தால், அதன் விளைவை அனுபவிக்கப்போவது கட்டுரையாளர் அல்ல.

பழங்குடிப் பெயரில் முடி எண்ணெய் விற்பது நம் தீவில் பிறந்த யோசனையும் அல்ல. கர்நாடகத்தில் மைசூர் மாவட்டம் ஹுன்சூர் வட்டாரத்தில் வாழும் ஹக்கி பிக்கி மக்கள் பறவை பிடித்தும் வேட்டையாடியும் பிழைத்தவர்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போயிற்று. மூலிகை எண்ணெய் விற்க ஆரம்பித்தார்கள், ஆப்பிரிக்காவரை போனார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டபோது அங்கே சிக்கிக்கொண்ட இந்தியர்களில் அவர்களும் இருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்த அந்த மக்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களது ‘ஆதிவாசி ஹேர் ஆயிலை’ 108 மூலிகை என்று சொல்லி இந்தி சினிமா, யூடியூப் பிரபலங்கள் தூக்கிப் பிடித்த பிறகு, அதே பெயரில் போலிகள் புற்றீசலாகக் கிளம்பின. பழங்குடி என்ற பெயர் விற்கிறது என்று கண்டுகொண்டவர்கள் இப்போது அந்தமான் பெயரையும் ஒட்டப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது காரணம், பயன்படுத்தியவர்களின் சாட்சியம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு முடி திரும்ப வந்தது உண்மைதான். அதை எண்ணெய் கொண்டுவந்தது என்பதுதான் பொய்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்வெடுத்து, விழுந்து, அதே வேரிலிருந்து மறுபடி முளைக்கும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி விழுவது இயல்பு. டெங்கு, டைஃபாய்டு, கோவிட், பிரசவம், பெரிய அறுவை, கடும் பட்டினி போன்ற ஏதாவது ஒன்று உடம்பைக் குலுக்கினால் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை மொத்தமாகக் கொட்டும். காரணம் நீங்கிவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு அடுத்த ஆறு மாதத்துக்குள் எந்த மருந்தும் இல்லாமலே கொட்டுவது நின்று, புது முடி தலைகாட்டும்.

குழந்தை பெற்று மூன்று மாதமான ஒரு பெண்ணை நினைத்துப்பாருங்கள். சீப்பை இழுக்கும்போதெல்லாம் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. குளியலறைத் துவாரத்தில் முடிப்பந்து. தலையணையில் முடி. நெற்றியோரம் மெலிந்து வகிடு அகலமாகிறது. அக்கம்பக்கத்தில் ஒருவர் எண்ணெய்ப் பாட்டில் கொடுக்கிறார். நான்கு மாதம் தேய்க்கிறாள். நெற்றி விளிம்பில் குட்டி முடிகள் குத்திட்டு நிற்கின்றன. அவள் கண்ணால் கண்ட உண்மை அது; யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள். ஆனால் அந்தப் பாட்டிலைத் திறக்காமலே இருந்திருந்தாலும் அந்த முடிகள் வந்திருக்கும். புழுவெட்டும் இப்படித்தான். சின்ன வட்டமாக விழும் புழுவெட்டு பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே ஆறிவிடும். அதுவரை தேய்த்தது சின்ன வெங்காயமோ, ஊமத்தம் இலையோ, காட்டு எண்ணெயோ, பேர் அதற்குத்தான் போகும். ஆயிரம் சாட்சிகளைச் சேர்த்தாலும், எண்ணெய் தேய்க்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை அதில் ஒன்றும் நிரூபணமாவதில்லை. ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் ஹார்மோனால் வேர் ஆண்டாண்டாகச் சுருங்கிக்கொண்டே போகிறது. அங்கே இந்தச் சாட்சிகளைத் தேடிப்பாருங்கள், கிடைக்க மாட்டார்கள்.

விளம்பரச் சாட்சிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நீதிமன்றமே அளந்து சொல்லியிருக்கிறது. தாத்ரி நிறுவனத்தின் கூந்தல் கிரீமை 2012-ல் 376 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒருவர், விளம்பரத்தில் சொன்னபடி முடி வளரவில்லை என்று திருச்சூர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். தீர்ப்பு செய்தியானது 2021 தொடக்கத்தில். நிறுவனத்துக்கும், விளம்பரத்தில் நடித்த அனூப் மேனனுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம். விசாரணையில் அந்த நடிகர் தான் அந்தப் பொருளைப் பயன்படுத்தியதே இல்லை என்றும், தன் அம்மா காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் தேய்ப்பதாகவும் ஒப்புக்கொண்டார். கட்டுரையாளர் அடுக்கும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இங்கே மன்றம் இல்லை. அதனால்தான் அவர்கள் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள்.

மூன்றாவது, இயற்கையானதால் கெடுதல் இல்லை என்பது. 2025 மார்ச்சில் பஞ்சாபின் சங்ரூரில் ஒரு கோயில் வளாகத்தில் அனுமதியில்லாமல் வழுக்கை சிகிச்சை முகாம் நடத்தினார்கள். தலையில் எண்ணெய் பூசிக் கழுவச் சொன்னார்கள். கண் எரிந்து சிவந்து வீங்கி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். போலீஸ் வழக்குப் பதிந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மீரட்டில் நுழைவுக்கு 20 ரூபாய், எண்ணெய்க்கு 300 ரூபாய் என்று வசூலித்து முகாம் நடத்தியவர்கள் கைதானார்கள். அங்கே வந்தவர்களுக்கு மிச்சம் அரிப்பும் தடிப்பும். பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்று வரிசையில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. இயற்கை என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

வீட்டுச் சரக்கும் விதிவிலக்கல்ல. விளக்கெண்ணெய் தேய்த்து அலசியதில் ஓர் இளம்பெண்ணின் கூந்தல் முழுக்கப் பிரிக்க முடியாத சடையாக இறுகிப்போனதை 2017-ல் முடியியல் இதழ் ஒன்றில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மூலிகைச் சாயம், கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள் பலவற்றில் கறுப்பைக் கொடுப்பது பாராஃபினைலீன்டைஅமீன் என்ற ரசாயனம். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். நம் தீவுக்கென்று ஒரு சங்கதியும் உண்டு. இங்கே ஆண்டில் எட்டு மாதத்துக்குக் குறையாமல் மழை, காற்றிலேயே ஈரம். காலையில் எண்ணெய் தேய்த்துப் பின்னிய கூந்தல் மாலைவரை உலர்வதில்லை. பொடுகோடு சேர்ந்த மலசேசியா என்ற பூஞ்சை, தலையிலுள்ள எண்ணெய்ப் பசையின் கொழுப்பு அமிலங்களைத் தின்றுதான் வாழ்கிறது. பொடுகு மண்டி அரிக்கும் தலையில் இராத்திரி முழுக்க எண்ணெயை ஊறவிடுங்கள் என்று எழுதுகிறவர், பூஞ்சைக்குத் தீனி போடச் சொல்கிறார்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கெடுதல் காலதாமதம். முடி கொட்டுவதற்குப் பின்னால் இரும்புச் சத்துக் குறைவோ, தைராய்டோ, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோ இருக்கலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அந்தப் பெண்களுக்கு முதலில் தேவை இரத்தப் பரிசோதனை. சிலவகை அழற்சிகளில் வேரே கருகித் தழும்பாகிவிடும். அங்கே இழந்த முடி எக்காலத்திலும் திரும்பாது, ஒவ்வொரு மாதமும் முக்கியம். குழந்தைகளின் தலைப்படைக்கு வாய்வழி மாத்திரை வேண்டும். மேலே பூசுவது போதாது. நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயிலோ கச்சாலிலோ இருப்பவர் தோல் மருத்துவரைப் பார்க்கக் கப்பல் டிக்கெட்டுக்குக் காத்திருந்து தலைநகர் ஸ்ரீ விஜயபுரம் வந்து சேர வேண்டும். இந்தத் தொலைவுதான் எண்ணெய் வியாபாரிக்கு வாடிக்கையாளர்களைக் கொடுக்கிறது. வெளித்தீவுகளுக்கு மருத்துவர் வேண்டும் என்று நம்மோடு சேர்ந்து குரல் கொடுக்க வேண்டியவர், மருத்துவரே வேண்டாம், பாட்டில் போதும் என்று எழுதுகிறார். அவர் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி இதற்காகத்தான்.

நான்காவது, ஆதாரம் கேட்பது அடிமைப் புத்தி என்ற வசை. ஆனால் ஆதாரம் தேடியவர்கள் நம்மவர்களே. முடி வளர உதவுமா என்று செம்பருத்தியை ஆராய்ந்தவர்கள் சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதிராஜனும் சக ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட முடிவின்படி செம்பருத்திப் பூவைவிட இலைச்சாறு எலிகளின் மேல் நன்றாக வேலை செய்தது. நம்பிக்கை தரும் ஆரம்பம்தான். ஆனால் சோதித்தது எலியில். பூசியது ஆய்வகத்தில் கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்த சாரம். வாணலியில் பூவைப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்க்கும் மனிதனின் வழுக்கைக்கும் அதிலிருந்து தாவ முடியாது. அந்த ஆய்வாளர்கள் தாவவில்லை. கட்டுரையாளர் தாவுகிறார்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வும் நம் நாட்டில் செய்ததே. ரேலே, மொஹிலே இருவரும் 2003-ல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். அலசும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் லாரிக் அமில மூலக்கூறு சிறியது, நேர்ச்சங்கிலி அமைப்புடையது, முடித்தண்டுக்குள் இறங்கிவிடுகிறது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வகத்தார். பாட்டில் விற்றுப் பிழைக்கும் கம்பெனியின் ஆட்களே இந்த எண்ணெய் முடியைக் காக்கும் என்றதோடு நின்றுகொண்டார்கள். வழுக்கையில் முளைக்கும் என்று அந்தக் கட்டுரையில் அவர்கள் சொல்லவில்லை.

முடி வளரப் பூசும் மினாக்ஸிடிலை மருந்துக் கம்பெனிகளின் சதி என்கிறார் கட்டுரையாளர். இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது அது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைக் கண்டு, பூசும் மருந்தாக மாற்றி, மருந்து கலந்த கரைசலையும் மருந்தில்லாத கரைசலையும் தனித்தனிக் குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வெறும் கரைசல் பூசியவர்களிலும் சிலருக்கு முடி கூடத்தான் செய்தது. அதைக் கழித்துப் பார்த்தும் மிச்சம் நின்றதுதான் மருந்தின் பலன். எல்லாருக்கும் கேட்காது, நிறுத்தினால் பலன் போய்விடும், இன்னின்ன தொந்தரவு வரலாம் என்று அந்த மருந்தோடு வரும் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. தோல்வியை அச்சடித்துக் கொடுக்கும் மருந்தைச் சதி என்பவர், தோல்வியே கிடையாது என்று சொல்லும் பாட்டிலை நம்பச் சொல்கிறார். இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை, குணமாக்குவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நிலைகளைப் பட்டியலிடுகிறது. வழுக்கையும், புது முடி வளர்வதும் அந்தப் பட்டியலில் உள்ளன. சட்டம் எழுதியவர்களுக்கு இந்த வியாபாரத்தைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நம் மரபையும் அவர் துணைக்கு அழைக்கிறார். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். செக்கு ஆட்டிய வாணியன் எண்ணெயை எண்ணெயாகத்தான் விற்றான். வைத்தியனின் வேலையை நான் செய்கிறேன் என்று அவன் சொன்னதில்லை. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்த நம் பெரியவர்கள் உடம்புச் சூடு தணியும், கண் குளிரும் என்றார்கள். அதே வீடுகளில் தாத்தாக்கள் வழுக்கைத் தலையோடுதான் இருந்தார்கள், அதற்காக யாரும் எண்ணெயைக் குறை சொல்லவில்லை. தைலம் இறக்கும் சித்த வைத்தியர் கசடை விரலில் உருட்டி மெழுகுப் பதமா, மணற் பதமா என்று பார்ப்பார். பொடுகு வேறு, புழுவெட்டு வேறு, இளநரை வேறு என்று பிரித்துத்தான் மருந்து சொல்வார். எல்லாத் தலைக்கும் ஒரே பாட்டில் என்ற பேச்சு அந்த மரபுக்கே அவமானம்.

எண்ணெய்க்கு உள்ள உண்மையான பெருமையை இந்தப் பொய் மூடிவிடுகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. குளிப்பதற்குச் சற்று முன் முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் தேங்காய் எண்ணெய் தடவினால் முடி உடைவது குறையும், சிக்கு விழாது, பளபளக்கும். கடலில் குளிக்கிறவர்களுக்கும், சுருட்டை முடிக்காரர்களுக்கும் அது நல்ல காப்பு. அதற்குரிய நல்ல எண்ணெய் நம் தீவிலேயே இருக்கிறது. நிக்கோபார் மக்கள் தேங்காயையே நாணயமாக வைத்து, சோடி சோடியாக எண்ணிக் கப்பல்காரர்களோடு பண்டமாற்று செய்தவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அவர்களது தோப்புகளை வாரிக்கொண்டு போனது. நட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, மறுபடி காய் பறித்தார்கள். துருவிப் பிழிந்த பாலைச் சிறுதீயில் வைத்துக் கிண்டும்போது முதலில் தயிர்போலத் திரியும். பிறகு கசடு பொன்னிறமாகிச் சலசலப்பு அடங்கும். மேலே கண்ணாடிபோல எண்ணெய் தெளியும். அந்த நேரத்தில் இறக்கினால் மணம் நிற்கும், ஒரு நிமிடம் தவறினால் கருகல் வாடை. நிக்கோபாரின் தேங்காய் எண்ணெய்க்கு இப்போது புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உழைத்து எடுத்த அந்த எண்ணெய், பெயர் தெரியாத இலைகளைப் போட்டுப் பச்சை நிறம் ஏற்றி மூன்று மடங்கு விலை வைத்த பாட்டிலின் பக்கத்தில் விலை போகாமல் நிற்கிறது. நான்கு மாதத்தில் பொய் வெளுத்ததும் வாங்கியவர் சபிக்கப்போவது எல்லா எண்ணெயையும் சேர்த்துத்தான்.

ஆகவே கட்டுரையாளருக்கு என் கோரிக்கைகள் நேரானவை. பழங்குடிப் பெயரை உங்கள் கட்டுரையிலிருந்தும் பாட்டிலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். உள்ளே போட்ட இலைகளின் பெயரையும் அளவையும் லேபிளில் எழுதுங்கள். வழுக்கையில் முளைக்கும் என்ற வரியை அடியுங்கள். அடிக்க மனமில்லையென்றால், பூசியவர்களையும் பூசாதவர்களையும் சம எண்ணிக்கையில் எடுத்து, ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் ஆறு மாதம் சோதித்து, முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள். அதில் உங்கள் எண்ணெய் வென்றால் இதே பக்கங்களில் அதைப் பாராட்டி எழுதும் முதல் ஆள் நான்தான். வாசகர்களுக்குச் சொல்வது இது: எண்ணெய் தேயுங்கள், சந்தோஷமாகத் தேயுங்கள், முடிந்தால் நிக்கோபார் மக்களின் எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் முடி கொட்டினாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலை அரித்துப் புண்ணானாலோ பாட்டிலை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அவரிடம் போகவிடாமல் உங்களைத் தடுக்கிறவர், எந்த மரபின் பெயரைச் சொன்னாலும், உங்கள் நலம் நாடுகிறவர் அல்ல.